இங்கிலாந்தில் மது விற்கவும் விழா நடத்தவும் லைசென்ஸ்: கவுன்சில் எதை வைத்து முடிவெடுக்கிறது?

லண்டனில் ஒரு கவுன்சில் கட்டடத்தின் இரண்டாம் மாடி. நீள மேசையின் அந்தப் பக்கம் மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர். இந்தப் பக்கம் நம்மவர் ஒருவர், கோட் போட்டு, கையில் தடித்த ஃபைலோடு. பத்து நிமிடம் பேசினார். பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் வரி கட்டுவது, கடைக்காக வீட்டை அடகு வைத்தது, இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிப்பது எல்லாவற்றையும் சொன்னார். மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள். பேனாவை ஒருவரும் தொடவில்லை. அப்புறம் பொலிஸ் லைசென்ஸ் அதிகாரி, கடைக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் காலையிலிருந்தே குடித்துக்கொண்டு இருப்பவர்களைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கின.

நான் அந்த அறையின் கடைசி வரிசையில் இருந்தேன். மொழிபெயர்க்கவோ, சும்மா துணைக்கோ இப்படியான விசாரணைகளுக்குப் பலமுறை போயிருக்கிறேன். நம்மவர்கள் பிழைவிடும் இடம் அநேகமாக ஒன்றுதான்: தாங்கள் நல்ல மனிதரா என்று கவுன்சில் எடைபோடுகிறது என நினைக்கிறார்கள். கவுன்சிலின் கையில் சட்டம் நாலே நாலு கேள்விகளைத்தான் கொடுத்திருக்கிறது. அதற்கு வெளியே நீங்கள் சொல்வது கணக்கில் வராது. உங்களை எதிர்ப்பவர் சொல்வதும் வராது.

முதலில் அந்த நாலு கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே பொதுச் சுகாதாரமும் ஐந்தாவது நோக்கமாகச் சேர்கிறது. இங்கிலாந்தில் முன்பு நீதவான்கள்தான் மது லைசென்ஸ் கொடுத்தார்கள். 2003-ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று முழுதாக நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பொறுப்பு கவுன்சிலுக்கு மாறியது.

அந்த நாலு கேள்விகளும் சட்டத்தின் நாலு நோக்கங்களிலிருந்து வருபவை: குற்றமும் குழப்பமும் நடக்காமல் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, அயலவருக்குத் தொல்லை வராமல் தடுத்தல், பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காத்தல்.

இதில் எது இல்லை என்று பாருங்கள். "இந்தத் தெருவில் ஏற்கெனவே ஐந்து கடைகள் இருக்கின்றன, ஆறாவது எதற்கு?" என்று பக்கத்துக் கடைக்காரர் எழுதினால் அது செல்லாது, ஏனென்றால் சந்தையில் தேவை இருக்கிறதா என்பது கவுன்சில் பார்க்கும் விஷயமே இல்லை. மது கெட்டது என்ற ஒழுக்கக் கருத்தும் செல்லாது. வீட்டு விலை குறையும் என்பதும் அப்படித்தான்.

கட்டடத் திட்ட அனுமதி, அதாவது பிளானிங், தனி வழி. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக எண்ண வேண்டாம். 2025 மே மாதம் லண்டன் புரொக்வெல் பூங்காவின் கோடை விழாக்கள் விஷயத்தில் உயர் நீதிமன்றம் லம்பெத் கவுன்சிலுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும் பிளானிங் பக்கத்தில்தான்.

உங்களுக்கு எந்தப் பத்திரம் தேவை?

கடை, உணவகம், மண்டபம் என்று ஓர் இடத்துக்குக் கொடுப்பது பிரமிஸஸ் லைசென்ஸ். ஓர் ஆளுக்குக் கொடுப்பது பெர்சனல் லைசென்ஸ். ஒருநாள் இருநாள் நிகழ்ச்சிக்குத் தற்காலிக அறிவித்தல் (Temporary Event Notice, TEN). அதை எல்லாரும் 'டென்' என்றே சொல்வார்கள். இரவு 11 மணிக்குப் பிறகு காலை 5 மணி வரை சூடான சாப்பாடோ தேநீரோ விற்கவும் பிரமிஸஸ் லைசென்ஸ் வேண்டும். கொத்துரொட்டிக் கடை போடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மது விற்கவில்லையே, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள்.

மது விற்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் பதிவாக வேண்டும். டிபிஎஸ் (DPS, Designated Premises Supervisor) என்பார்கள். அவரிடம் பெர்சனல் லைசென்ஸ் இருக்க வேண்டும். அதற்கு 18 வயது, அங்கீகரித்த பயிற்சிச் சான்றிதழ், குற்றப் பதிவுச் சோதனை, வேலை செய்யும் உரிமை, 37 பவுண் கட்டணம். நீங்கள் குடியிருக்கும் இடத்துக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும், கடை இருக்கும் இடத்தில் அல்ல. ஒருதரம் எடுத்தால் புதுப்பிக்கத் தேவையில்லை.

ஓடுகிற கடையை வாங்குகிறீர்களா? அப்படியானால் இந்தப் பந்தியை இரண்டுதரம் வாசியுங்கள். தெரிந்த ஒருவர், "தம்பி, லைசென்சோடதான் கடையை வாங்கினனான்" என்றார் என்னிடம். லைசென்ஸ் பழைய முதலாளியின் கம்பனி பெயரில் இருந்தது. கடையை விற்றதும் அவர் கம்பனியைக் கலைத்துவிட்டார். கம்பனி கலைந்தால் லைசென்ஸும் அதோடு காலாவதி. சட்டம் 28 நாள் அவகாசம் தருகிறது, அதற்குள் மாற்றல் விண்ணப்பம் போட்டால் லைசென்ஸ் உயிர் பெறும். இவருக்கு விஷயம் தெரிய வந்தது மூன்றாம் மாதம். புதிதாக முழு விண்ணப்பம் போட வேண்டி வந்தது, அந்தக் காலம் முழுக்க மது அலமாரிக்குத் திரை. ஆகவே சாவி வாங்கும் அன்றே பழையவரின் சம்மதக் கடிதத்தோடு மாற்றல் விண்ணப்பம் போய்விட வேண்டும். மாற்றலுக்கு 23 பவுண், டிபிஎஸ் மாற்ற இன்னொரு 23. "உடனடியாக நடைமுறைக்கு வர வேண்டும்" என்ற பெட்டியில் அடையாளம் இடுங்கள். மறுநாளும் வியாபாரம் நடக்கும்.

படிவத்தைத் தொடுவதற்கு முன்

ஒவ்வொரு கவுன்சிலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்சிங் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இணையத்தில் இருக்கும். நீளமாக, சலிப்பாக இருக்கும். ஆனாலும் உங்கள் தெருவின் பெயரைத் தேடுங்கள். மதுக்கடைகள் ஏற்கெனவே நெருக்கியடித்து, அதனால் பிரச்சினை வருகிறது என்று கவுன்சில் ஆதாரத்தோடு அறிவித்த பகுதிகள் சில உண்டு; வெஸ்ட்மின்ஸ்டரின் வெஸ்ட் எண்ட் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். அங்கே விண்ணப்பித்தால், "என் கடை நிலைமையை இன்னும் மோசமாக்காது" என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். நல்ல கடைக்காரன் என்பது அங்கே போதாது.

அடுத்து, பொலிஸ் லைசென்ஸ் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல். "இந்த முகவரியில் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன், உங்களுக்கு என்ன கவலை?" இவ்வளவுதான். நம்மவர்களுக்குப் பொலிஸைத் தானாகப் போய்க் கேட்பது என்றால் ஒரு தயக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம், புரிகிறது. ஆனால் இவர்கள் கைது செய்யும் ஆட்கள் இல்லை. பெரும்பாலும் என்ன நிபந்தனை வேண்டும் என்று ஒரு பட்டியலே அனுப்பிவிடுவார்கள். முடிந்தால் கவுன்சிலின் சத்தக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும் இதையே கேளுங்கள்.

விண்ணப்பத்தின் உயிர்: இயக்க அட்டவணை

படிவத்தில் பெயர், முகவரி, நேரம் எல்லாம் நிரப்பியபின் கடைசியில் இயக்க அட்டவணை (operating schedule) என்று ஒரு பகுதி வரும்: நாலு நோக்கங்களையும் எப்படிக் காப்பாற்றுவீர்கள்? பலர் "சட்டத்தை மதிப்போம், சிசிடிவி உண்டு" என்று இரண்டு வரி எழுதுகிறார்கள். இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் பொலிஸுக்கு ஆட்சேபம் எழுதக் கை துறுதுறுக்கும்.

இங்கே எழுதுவது அப்படியே லைசென்ஸ் நிபந்தனையாக மாறும். அதனால் ஒவ்வொரு வரியும் அளந்து பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். "25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்போம்." "மறுத்த விற்பனை ஒவ்வொன்றையும் திகதி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவோம்." "சிசிடிவி பதிவு 31 நாள் இருக்கும். கேட்டால் 24 மணி நேரத்தில் பொலிஸுக்குக் கொடுப்போம்." "மதுச்செறிவு 6.5 வீதத்துக்கு மேற்பட்ட பியரும் சைடரும் விற்கமாட்டோம்." "ஒற்றைக் கேன் விற்கமாட்டோம்." கடைசி இரண்டும் வியாபாரத்தைக் கொஞ்சம் கடிக்கும். ஆனால் தெருவில் குடிப்பவர்கள் உள்ள இடத்தில் இவை இல்லாமல் பொலிஸ் இறங்கி வருவது அரிது. என் அபிப்பிராயம்: பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கடை என்றால் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அதேவேளை செய்ய முடியாததை எழுத வேண்டாம். 31 நாள் என்று எழுதிவிட்டு, வாங்கிய கருவி 14 நாளில் அழித்துவிட்டால் அது நிபந்தனை மீறல். அதுவும் குற்றம்தான்: ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம். கருவியின் கொள்ளளவைப் பார்த்தபின் எழுதுங்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. உள்துறை அமைச்சின் வழிகாட்டி, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் மதுவும் விற்கலாம், மறுக்க நல்ல காரணம் இருந்தாலன்றி, என்றுதான் சொல்கிறது. ஆனாலும் குடியிருப்புத் தெருவில் முதல் விண்ணப்பத்திலேயே 24 மணி நேரம் கேட்டால், ஆட்சேபம் எழுதாமல் இருந்தவர்களும் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கூடவே கடையின் வரைபடம். வாசல்கள், அவசர வழி, மது இருக்கும் இடம், தீயணைப்புக் கருவி எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கென்று கட்டடக் கலைஞரைப் பிடிக்க வேண்டியதில்லை. கட்டணம் கடையின் ரேட்டபிள் வேல்யூவைப் பொறுத்தது, அதாவது வணிக வரிக்காக மதிப்பிட்ட வருட வாடகை. 4,300 பவுண் வரை என்றால் 100. 33,000 வரை என்றால் 190. 87,000 வரை என்றால் 315. அதற்கு மேலும் இரண்டு படி உண்டு. சாதாரண மூலைக்கடை அநேகமாக 190-க்குள் அடங்கும்.

நீலத் தாள்

விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாள், கடை வாசலில் வெளிர் நீல ஏ4 தாளில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. உள்ளூர்ப் பத்திரிகையிலும் பத்து வேலை நாளுக்குள் விளம்பரம் வர வேண்டும் என்று விதி. பத்திரிகை விளம்பரத்தை எடுத்துவிடலாம் என்ற பேச்சு 2025-லிருந்து இருக்கிறது, எனவே விண்ணப்பிக்கும் நாளில் கவுன்சிலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விளம்பரச் செலவு விண்ணப்பக் கட்டணத்தையே தாண்டிவிடலாம்.

ஒருவர் நீலத் தாளைக் கடைக் கண்ணாடியின் உட்பக்கம் அழகாக ஒட்டினார். இரவு ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கும். ஷட்டருக்குப் பின்னால் நீலத் தாள். இரவு பத்து மணிக்கு நடந்துபோன அதிகாரிக்கு ஷட்டர் மட்டும்தான் தெரிந்தது. 28 நாளும் முதலிலிருந்து. ஷட்டர் இருந்தால் அதற்கு வெளியே, பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். நாளுக்கு ஒருதரம் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், மழையும் பொடியன்களும் கிழிப்பது வழக்கம்.

அந்த 28 நாட்கள்

முடிவு உண்மையில் இங்கேதான் நடக்கிறது. யாரும் செல்லத்தக்க ஆட்சேபம் எழுதவில்லை என்றால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். விருப்பமில்லை என்று மறுக்க அதிகாரம் இல்லை. விசாரணையும் இல்லை, அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். முன்னே சொன்ன நெருக்கடிப் பகுதியிலும் இதே விதிதான்: எவரும் எழுதாவிட்டால் அந்தக் கொள்கையால் உங்களைத் தொட முடியாது.

எழுதக் கூடியவர்கள் யார்? பொலிஸ், தீயணைப்பு, சத்தக் கட்டுப்பாடு, பிளானிங், வர்த்தகத் தரப் பிரிவு, பிள்ளைகள் நலப் பிரிவு, பொதுச் சுகாதாரம், குடிவரவுப் பிரிவு, அப்புறம் லைசென்சிங் பிரிவு தானாகவே. இவர்களோடு எந்தப் பொதுமகனும் எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2012-ல் போய்விட்டது. பெயர் போடாமல் எழுதினால் பொதுவாக எடுபடாது. எழுதியவரின் கடிதம் உங்களுக்கும் வரும்.

பொலிஸிடமிருந்து ஆட்சேபம் வந்தால் பதறாதீர்கள். பாதிக்கு மேல் அது பேரம் பேச அழைப்பு. ஐந்து நிபந்தனைகளை ஏற்றால் திரும்பப் பெறுவோம் என்பார்கள். எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், அவர்களும் எழுத்தில் திரும்பப் பெறட்டும். அயலவர் எழுதினால் கதவைத் தட்டி, தேநீர் குடித்துப் பேசுவதில் தவறில்லை. என்ன கவலை என்று கேளுங்கள். அநேகமாக இரவு 11 மணிக்கு வாசலில் கார்க் கதவு அடிக்கும் சத்தமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு ஆட்சேபம் மிஞ்சினாலும் விசாரணை வரும்.

விசாரணை நாள்

ஆட்சேபக் காலம் முடிந்து 20 வேலை நாளுக்குள் நடக்க வேண்டும். நீங்கள் வருகிறீர்களா, யாரைக் கூட்டி வருகிறீர்கள் என்று ஐந்து வேலை நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஆதாரம் ஏதும் இருந்தால் அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். விசாரணை அறையில் புதிதாக ஒரு படத்தை எடுத்து நீட்டினால், மற்றப் பக்கம் எல்லாரும் சம்மதித்தால்தான் அதைப் பார்ப்பார்கள். சம்மதிக்கமாட்டார்கள்.

மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உபகுழு இது. நீதிமன்றம் போல் குறுக்கு விசாரணை இல்லை, பொதுவாக அவர்களே கேள்வி கேட்பார்கள். எல்லாத் தரப்புக்கும் சம நேரம். சட்டத்தரணி கட்டாயமில்லை. ஆனால் பொலிஸ் எதிர்த்து நின்றாலோ நெருக்கடிப் பகுதி என்றாலோ, லைசென்சிங் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். வீடு வாங்கும்போது எழுதிக் கொடுத்த சட்டத்தரணி இதற்குச் சரிவராது.

என்ன பேசுவது? பிள்ளைகளின் படிப்பு வேண்டாம். எதிர்ப்பவர் சொன்ன ஒவ்வொரு பயத்தையும் எடுத்து, அதற்கு நேரே உங்கள் நிபந்தனையை வையுங்கள். "பஸ் நிறுத்தத்தில் குடிக்கிறார்கள் என்கிறார்கள். அவர்கள் வாங்குவது ஒற்றைக் கேன். நாங்கள் ஒற்றைக் கேன் விற்கப்போவதில்லை." இப்படி ஒரு வசனம் வந்தால் பேனா ஓடும். டிபிஎஸ் பக்கத்தில் இருக்கட்டும். "வாடிக்கையாளர் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவரைத்தான் கேட்பார்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் உங்கள் கடதாசி எல்லாம் வீண்.

வெறும் பயத்தை வைத்து மறுக்கக் கூடாது, ஆதாரம் வேண்டும். 2008-ல் விர்ரல் (Wirral) என்ற பகுதியின் ஒரு பப் விஷயத்தில் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நீட்டிக் கொடுத்த நேரத்தோடு அந்தப் பப் மாதக்கணக்கில் பிரச்சினையில்லாமல் ஓடியிருந்தது, பொலிஸும் எதிர்க்கவில்லை, ஆனாலும் நீதவான்கள் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு ரத்தானது. உங்களுக்கு எதிராக வெறும் ஊகம் வந்தால் தைரியமாகச் சுட்டிக்காட்டலாம்.

குழு அப்படியே கொடுக்கலாம், நேரத்தைக் குறைத்தோ நிபந்தனை கூட்டியோ கொடுக்கலாம், டிபிஎஸ் ஆளை ஏற்காமல் விடலாம், முழுதாக மறுக்கலாம். அன்றே சொல்லாவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால், எழுத்தில் முடிவு அறிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு. அங்கே கவுன்சில் சொன்ன காரணம் பிழை என்று காட்டும் பாரம் உங்களுடையது. இது 2011-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கில் சொன்னது. தோற்றால் கவுன்சிலின் செலவும் உங்கள் மேல் விழலாம். கணக்குப் பார்த்து இறங்குங்கள்.

விழா என்றால்

எதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று முதலில் பார்ப்போம். காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மேற்படாத சபைக்கு முன்னால் நடக்கும் நடனத்துக்குத் தேவையில்லை. ஆகவே உங்கள் மகளின் அரங்கேற்றத்துக்குக் கவலை வேண்டாம். சமய வழிபாட்டோடு சேர்ந்த இசைக்கும் வேண்டாம், நாதஸ்வரம் தாராளமாக ஒலிக்கலாம். ஆனால் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் போல வீதிக்கு வருவதென்றால் வீதியை மூடும் அனுமதி தனி, அது வேறு பிரிவு.

கல்யாணத்தில் வீட்டார் வாங்கி இலவசமாகப் பரிமாறும் விஸ்கி விற்பனை ஆகாது. "டிக்கெட் 40 பவுண், ஒரு பானம் இலவசம்" என்றால் அது விற்பனை. இந்த இரண்டாவதில் பழைய மாணவர் சங்கங்கள் வருடா வருடம் மாட்டிக்கொள்கின்றன.

லைசென்ஸ் இல்லாத மண்டபத்தில் மது விற்க டென் வேண்டும். 21 பவுண். வேலையாட்களும் சேர்த்து 499 பேருக்கு மேல் கூடாது, 168 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. பெர்சனல் லைசென்ஸ் உள்ளவர் வருடத்தில் 50 கொடுக்கலாம், இல்லாதவர் 5. மண்டபத்துக்கும் வருடாந்த உச்சவரம்பு உண்டு, அது முடிந்துவிட்டதா என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்.

கெடு பத்து முழு வேலை நாள். கவுன்சிலுக்குக் கிடைத்த நாளும் விழா நாளும் கணக்கில் வராது. சனிக்கிழமை 20-ஆம் திகதி விழா என்றால் 5-ஆம் திகதி வெள்ளிக்கிழமைதான் கடைசி. இடையில் வங்கி விடுமுறை வந்தால் அதற்கும் முன்பு. தவறவிட்டால் விழாவுக்கு ஒன்பது முதல் ஐந்து வேலை நாள் முன்பு வரை 'லேட் டென்' போடலாம். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. ஆட்சேபிக்கக் கூடியவர்கள் பொலிஸும் சத்தக் கட்டுப்பாடும் மட்டும்தான். சாதாரண டென்னுக்கு அவர்கள் ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும். லேட் டென்னுக்கு ஆட்சேபித்தால் கதை அன்றோடு முடிந்தது, விசாரணை கிடையாது. மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தை யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

499 பேரைத் தாண்டும் விழாவுக்கு அந்த நாட்களுக்கு மட்டுமான பிரமிஸஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டும், மேலே சொன்ன 28 நாளும் நீலத் தாளும் அதற்கும் உண்டு. 5,000 பேரைத் தொட்டால் கூடுதல் கட்டணம் 1,000 பவுணிலிருந்து தொடங்கும். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

கிடைத்த பிறகு

லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி எவரும் எப்போதும் கேட்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றல், கள்ளச் சிகரெட், அனுமதியில்லாத வேலையாள், இவை மூன்றில் ஒன்று பிடிபட்டால் முதல் தடவையே பறிப்பதைத் தீவிரமாக யோசிக்கச் சொல்கிறது அமைச்சின் வழிகாட்டி. ஈஸ்ட் லிண்ட்சி கவுன்சில் ஓர் உணவகத்தின் லைசென்ஸைப் பறித்த வழக்கில், முதலாளி குற்றவாளியாகத் தீர்ப்புப் பெற்றிருக்க வேண்டும் என்றில்லை, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருப்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்றது உயர் நீதிமன்றம், 2016-ல். ஊரிலிருந்து வந்த பொடியனுக்குக் கையில் காசு கொடுத்து வேலைக்கு வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

அதிகாரி கடைக்குள் வந்தால் முதலில் கேட்பது சாதாரண விஷயங்கள்தான். லைசென்ஸின் சுருக்கப் பக்கம் சுவரில் பார்வைக்குத் தெரிய வேண்டும். முழு லைசென்ஸோ அதன் சான்றளித்த பிரதியோ கடையில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்பது பதிலாகாது. மறுத்த விற்பனைப் பதிவேட்டில் போன வாரத்துப் பதிவு இருக்க வேண்டும். மூன்று மாதமாக ஒரு வரியும் இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார். அப்புறம் வருடக் கட்டணம்: 190 பவுணுக்கு விண்ணப்பித்த கடை என்றால் வருடம் 180, லைசென்ஸ் கிடைத்த திகதியிலேயே ஒவ்வொரு வருடமும் விழும். கட்டாவிட்டால் கவுன்சில் லைசென்ஸை இடைநிறுத்த வேண்டும். கட்டி முடிக்கும்வரை ஒரு பியர் விற்றாலும் குற்றம். கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தது என்று அப்போது சொல்லிப் பயனில்லை, ஆகவே வீடு மாறினால் கவுன்சிலுக்கு அன்றே எழுதிவிடுங்கள்.